லிங்க்ட்இன் நம்ம ஊர் தொழிலுக்கு ஆகுமா? ஓசூர், கிருஷ்ணகிரி ஆளுங்க சொல்லுங்க

சிப்காட் லேத் · 3 ஏப்ரல் 2025, இரவு 9.50

ஓசூர் சிப்காட் பக்கம் சின்ன மெஷின் ஷாப் வச்சிருக்கேன். விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மெஷின்), சிஎன்சி லேத், எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது கஸ்டமர் மெட்டீரியல்ல கூலிக்குச் செய்யற வேலை. பையன் சொன்னான்னு லிங்க்ட்இன்ல கணக்கு தொடங்கினேன். பொங்கல் வாழ்த்து போட்டா ஊரே கை தட்டுது. புது மெஷின் இறக்கினதைப் போட்டா மச்சான் மட்டும் லைக் போடுறான். ஒரு ஆர்டர் வரலை. அது பெங்களூர் ஐடிக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கிற இடம். நமக்கு வேலை வர்றது பழக்கத்துல, பர்சேஸ் மேனேஜர் போன்ல. இல்லைன்னு யாராவது நிரூபிங்க பாக்கலாம்.

மாங்கூழ் · 3 ஏப்ரல் 2025, இரவு 11.15

நிரூபிக்க முடியாதுண்ணா. போஸ்ட்டைப் பாத்துட்டு நேரா பிஓ (பர்சேஸ் ஆர்டர்) அனுப்பின ஆளை நானும் பாத்ததில்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரில ஏற்றுமதி வேலை பாக்குறேன். வாங்குறவன் பேர் நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே நம்ம பேர் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். புரோக்கர் சொல்லியிருப்பான், இல்ல கண்காட்சில கார்டு வாங்கியிருப்பான். மெயிலுக்குப் பதில் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை லிங்க்ட்இன்ல தட்டிப் பாப்பான். அங்க கடைசி போஸ்ட் 2022 ஆயுத பூஜை வாழ்த்துன்னு இருந்தா என்ன நினைப்பான்? கம்பெனி ஓடுதா, மூடிட்டாங்களான்னுதான். பணம் முன்கூட்டி அனுப்பப் போறவனுக்கு அந்தச் சந்தேகம் போதும், அடுத்த பேருக்குப் போயிடுவான். போனவன் நமக்குத் தகவல் சொல்லிட்டா போவான்?

அதனால ஆர்டர் வரலைங்கறதை வச்சுக் கணக்குப் போடாதீங்க. வர இருந்தது எத்தனை திரும்பிப் போச்சுன்னு நமக்குத் தெரியவே தெரியாது.

மாங்கூழ் · 4 ஏப்ரல் 2025, காலை 6.40

உங்க பேருக்குக் கீழ வர்ற வரியைப் பத்தி நேத்து சொல்லலை. 220 எழுத்து குடுக்கறான் அங்க. நம்ம ஊர்ல பாதிப்பேர் அதுல ‘மேனேஜிங் டைரக்டர்’னு போட்டு முடிச்சிடறாங்க. எதுக்கு டைரக்டர்னு வாங்குறவனுக்கு எப்படித் தெரியும்? எந்த மெட்டீரியல், எவ்வளவு பெரிய பாகம் வரை, எந்த மெஷின், எந்த ஊர், இதையெல்லாம் அந்த ஒரு வரில எழுதுங்க. தேடறவன் இங்கிலீஷ்லதான் தேடுவான், அதனால அது இங்கிலீஷ்லயே இருக்கட்டும். நீங்க கமென்ட் போடற இடத்துலயெல்லாம் பேரோட அந்த வரியும் கூட வரும். போஸ்ட்டைப் படிக்கிறவனை விட அதைப் படிக்கிறவன் அதிகம்.

மாங்கூழ் · 9 ஏப்ரல் 2025, மதியம் 2.05

சிப்காட் அண்ணா தனியா கேட்டாரு: “கஸ்டமர் பாகத்தை போட்டோ எடுத்துப் போடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கான். அப்ப நான் எதைப் போடறது, என் மூஞ்சியையா?”

நியாயமான கேள்வி. பாகம் மட்டும் இல்லை, பின்னாடி நிக்கிற வெள்ளைப் பலகையையும் பாருங்க. கஸ்டமர் பேர், பார்ட் நம்பர், எத்தனை பீஸ் பாக்கி, எல்லாம் அதுல இருக்கும். டேபிள்ல டிராயிங் விரிச்சுக் கிடக்கும். கஸ்டமரோட போட்டிக் கம்பெனிக்காரன் அந்த போட்டோவைப் பெரிசு பண்ணிப் படிப்பான். ஒரு பெரிய கம்பெனில சப்ளையர் ஒருத்தருக்கு இதுக்காகவே வந்த மெயிலை என் கண்ணால பாத்திருக்கேன்.

சரி, எதைப் போடலாம்? ஓசூர்ல எனக்குத் தெரிஞ்ச பவுடர் கோட்டிங்காரர் ஒருத்தர் போட்டதைச் சொல்றேன். அவருக்கு வேலையெல்லாம் கர்நாடக எல்லை அத்திப்பள்ளி தாண்டி வரும். பெங்களூர் கம்பெனிக்காரன் தயங்கறது கோட்டிங் தரத்துக்காக இல்லை. “ஸ்டேட் மாறுதே, வழில வண்டியைப் பிடிச்சா?”ங்கறதுதான் அவன் பயம். இவரு அதையே பத்து வரில எழுதினாரு. ஜாப் ஒர்க்குக்கு மாநிலம் விட்டு மாநிலம் மெட்டீரியல் அனுப்பினா மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழ இருந்தாலும் இ-வே பில் (சரக்கு வண்டில போறதுக்கான ஆன்லைன் சீட்டு) கட்டாயம். டெலிவரி சலான் போட்டு வரணும். ஒரு வருஷத்துக்குள்ள திரும்பலைன்னா அனுப்பின அன்னைக்கே வித்ததா கணக்காகி வரி வந்து நிக்கும். மெஷின் மாதிரி மூலதனப் பொருளுக்கு மூணு வருஷம் கெடு. மோல்டு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர் மாதிரி பாகத்தை வார்க்க, பிடிச்சு வைக்கற கருவிகளுக்கு அந்தக் கெடுவே இல்லை. கடைசில ஒரே வரி: இந்தப் பேப்பர் வேலையை நாங்களே பாத்துக்கறோம்.

லைக்குன்னு பாத்தா ஒண்ணும் பெரிசா இல்லை. ஆனா ரெண்டு கம்பெனில அக்கவுன்ட்ஸ் ஆளுங்க அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பர்சேஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்காங்க. “தரமே எங்கள் தாரக மந்திரம்”னு எழுதியிருந்தா எவனாவது ஸ்கிரீன்ஷாட் எடுப்பானா?

உங்க கடைல இதுக்கு ஈடா என்ன இருக்கு? சுவர் மெல்லிசா இருக்கற அலுமினியப் பாகம் கிளாம்ப் பண்ணா வளையுமே, அதுக்கு நீங்க சொந்தமா செஞ்ச ஃபிக்ஸ்சர் பத்தி அன்னைக்கு அரை மணி நேரம் போன்ல சொன்னீங்களே, அதை எழுதுங்க. பாகமே வேண்டாம், காலி ஃபிக்ஸ்சர் போட்டோ போதும். ஆனா ஃபிக்ஸ்சருக்குக் காசு குடுத்தது கஸ்டமர்னா அதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க.

மாங்கூழ் · 9 ஏப்ரல் 2025, மதியம் 2.20

மச்சான் லைக்கைக் கேவலமா பேசாதீங்க. அவர் எங்க வேலை பாக்குறாரு? பெரிய பிளான்ட்ல மெயின்டனன்ஸ்னு சொன்ன ஞாபகம். அவர் லைக் போட்டா அவரோட வேலை பாக்கறவங்க சிலபேர் திரையிலயும் அது தெரியும். உங்க விளம்பர மேனேஜர் அவர்தான், சம்பளம் மட்டும் குடுக்கலை.

மாங்கூழ் · 20 ஏப்ரல் 2025, இரவு 10.30

“உங்களுக்கு என்ன, மாம்பழம்னாலே எல்லாருக்கும் பிடிக்கும், போஸ்ட் போடறது சுலபம்”னு ஒருத்தர் எழுதியிருக்காரு. மாம்பழம் பிடிக்கிறவன் எனக்கு வாங்குறவன் இல்லைங்க. 20 அடி கன்டெய்னர்ல 80 டிரம் ஏத்தறேன், அதை எடுக்கறவன் ஜூஸ் கம்பெனி பர்சேஸ் ஆள். பழத்தை நறுக்கி வச்ச கலர் போட்டோவுக்கு ‘யம்மி’ன்னு கமென்ட் வரும், என் சித்தி போடுவாங்க.

பர்சேஸ் ஆள் கேக்கறது எப்பவும் ஒரே மாதிரி. பழத்தை எப்படிப் பழுக்க வைக்கறீங்க? பூச்சி மருந்து மிச்சம் எவ்வளவு? பெங்களூரா ரக மாங்கூழ்ல ப்ரிக்ஸ் (இனிப்பு அளவு) 14 நிக்குமா, மழை பேஞ்ச வாரத்துலயும் நிக்குமா? அதனால சீசனுக்கு முன்னாடி, ஃபேக்டரி காத்தாடிக்கிட்டு இருக்கற மாசத்துல, ஒவ்வொரு கேள்வியையும் ஒரு போஸ்ட்டா எழுதினேன். கார்பைடு கல் வச்சுப் பழுக்க வைக்கறது நம்ம நாட்டுல தடை. எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரை உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதிச்சிருக்கு. எங்க ரைப்பனிங் ரூம்ல மீட்டர் எங்க மாட்டியிருக்கு, யார் ரீடிங் எடுக்கறாங்க, நோட்டு எங்க இருக்குன்னு அந்த நோட்டோட போட்டோவே போட்டேன். கையெழுத்து கோணல்மாணலா இருக்குன்னு முதலாளி டைப் அடிக்கச் சொன்னாரு. நான் மறுத்துட்டேன், டைப் அடிச்ச பேப்பரை யார் வேணா தயார் பண்ணலாமே.

ஐரோப்பாவுக்கு அனுப்பறவங்க குளோர்பைரிஃபாஸ்ங்கற பூச்சி மருந்து பத்தி எழுதலாம். 2020லேர்ந்து அங்க மிச்சத்துக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். அதைப் பத்தி வாய் திறக்காதவனை விட, “எங்களுக்கும் இது தலைவலிதான், தோட்டத்துல இப்படிப் பிரிச்சு வாங்கறோம்”னு சொல்றவனைத்தான் அவன் நம்புவான்.

போஸ்ட்ல 3,000 எழுத்து வரை இடம் இருக்கு, ஆனா மூணு வரிக்கு மேல மடிஞ்சுடும். அந்த மூணு வரிலயே கேள்வி வந்துடணும். “இந்த இனிய தருணத்தில்...”னு ஆரம்பிச்சா அதோட சரி, விரிச்சுப் படிக்க மாட்டான்.

மாங்கூழ் · 2 மே 2025, காலை 7.10

ஊர் பேர் சண்டை வேற நடக்குதா இங்க? ஓசூர்னு போடறதா, பெங்களூர்னு போடறதான்னு.

ஓசூர்லேர்ந்து பெங்களூர் 40 கிலோமீட்டர், பெங்களூர்னு போட்டா தேடல்ல வருவோம்னு சிலர் சொல்றீங்க. வருவீங்க. ஆனா பில்லுல 33ல ஆரம்பிக்கற தமிழ்நாட்டு ஜிஎஸ்டி நம்பரைப் பாத்ததும் “ஏன் பெங்களூர்னு போட்டீங்க?”ன்னு கேப்பான், ஆரம்பமே விளக்கமா இருக்கும். ஓசூர்னு எழுதிட்டு, பெங்களூர்லேர்ந்து எவ்வளவு தூரம்னு சேத்துக்குங்க. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு பெரிய பிளான்ட் இருக்கற ஊர், வண்டித் தொழில்ல இருக்கறவனுக்கு ஓசூர் எங்கன்னு சொல்லித் தரவா வேணும்?

கிருஷ்ணகிரியும் அப்படித்தான், மாங்கூழ் வாங்குறவன் மேப் பாக்காம கண்டுபிடிப்பான். தருமபுரிக்காரங்க நிலைமை வேற. பாலக்கோட்டுத் தக்காளின்னா கோயம்பேட்டுக்காரனுக்குத் தெரியும், ஜெர்மனிக்காரனுக்குத் தெரியாது. அங்க மாவட்டம், மாநிலம் ரெண்டும் எழுதணும்.

மாங்கூழ் · 24 ஜூன் 2025, இரவு 11.55

சீசன் உச்சம். எழுத நேரம் இல்லை, ஆனா இதை எழுதாம தூக்கம் வராது.

பெங்களூரா விலை கிலோவுக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். போன வருஷக் கூழே பல ஃபேக்டரில தேங்கிக் கிடக்கு. இந்த நேரத்துல ஆந்திராவோட சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநில பெங்களூரா உள்ள வரக் கூடாதுன்னு தடை போட்டுது. கர்நாடக முதல்வர் கடிதம் எழுதற அளவுக்குப் போச்சு அது. நம்ம பக்கம் பழத்தைப் பறிக்கற கூலிக்கே கட்டாதுன்னு மரத்துலயே விட்டவங்க இருக்காங்க.

எங்க கேட்டுல லாரி, டிராக்டர் வரிசை. முதலாளியோட மருமகன் டிரோன் எடுத்துக்கிட்டு வந்தாரு. மேலேர்ந்து பாத்தா வரிசை பிரமாதமா இருக்கும், “பெருமையுடன் அறிவிக்கிறோம், எங்கள் திறன்...”னு லிங்க்ட்இன்ல போடலாம்னு சொன்னாரு. அந்த வரிசைல நிக்கிற டிராக்டர்ல பாதி ராத்திரியே வந்தது. பழம் சூட்டுல இளகிக்கிட்டு இருக்கு. ஓட்டி வந்தவர் என் பெரியப்பாவோட பக்கத்துத் தோட்டக்காரர். அதை நம்ம திறமைன்னு எழுதறதா? வேண்டாம்னேன். “விவசாயி லிங்க்ட்இன் பாப்பானா?”ன்னாரு. விவசாயியோட பையன் ஓசூர்ல இன்ஜினியர், மகள் பெங்களூர்ல எச்ஆர். அவங்க பாப்பாங்கன்னேன். அதுக்கு மேல அவர் ஒண்ணும் பேசலை. டிரோன் மட்டும் ஒரு சுத்து சுத்திட்டு இறங்குச்சு.

தொழில் ரீதியாவும் அது முட்டாள்தனம். வாங்குறவன் அந்த வீடியோல பாக்கறது திறனை இல்லை, பழம் மலிஞ்சு கிடக்கறதை. அடுத்த மெயில்லயே விலையைக் குறைன்னு வருவான்.

அதுக்குப் பதிலா வேற ஒண்ணு போட்டோம். இந்த வருஷம் எல்லா வாங்குறவனுக்கும் மனசுல ஓடற சந்தேகம், போன வருஷச் சரக்கைப் புதுசுன்னு தள்ளி விட்டுடுவாங்களோங்கறது. அசெப்டிக் டிரம்முக்கு (கிருமி இல்லாம அடைச்சது) ஆயுள் வழக்கமா 18லேர்ந்து 24 மாசம், அதனால பழசு கெட்டுப் போன சரக்கு இல்லை, ஆனா விலை வேற. எங்க டிரம்ல லாட் நம்பரை எப்படிப் படிக்கணும், அதுல வருஷம் எது, வருஷத்தோட எத்தனாவது நாள்ங்கறது எதுன்னு படம் போட்டு எழுதினோம். பழைய சரக்கு எவ்வளவு இருக்கு, அது என்ன விலைக்குப் போகும்னு கேட்டா தனியா சொல்றோம்னும் எழுதினோம். முதலாளிக்கு வயித்தைக் கலக்குச்சு. போட்ட வாரமே ரெண்டு பேர் பழைய சரக்குக்கு விலை கேட்டாங்க.

மாங்கூழ் · 22 ஜூலை 2025, காலை 9.00

இன்னைக்கு தேசிய மாம்பழ தினமாம். என் திரை முழுக்க மாம்பழம். சிமென்ட் கம்பெனி கூட மாம்பழம் போட்டிருக்கான். நாங்க மட்டும் போடலை, லைன் ஓடிக்கிட்டு இருக்கு.

சிப்காட் லேத் · 11 ஆகஸ்ட் 2025, இரவு 8.30

ஃபிக்ஸ்சர் போஸ்ட் போட்டேன். ஆர்டர் வரலை, முன்னாடியே சொன்னேன். ஒரு ரிட்டயர்ட் டூல் ரூம் ஆள் வந்து நீ கிளாம்ப் பண்ற இடமே தப்புன்னு சண்டைக்கு வந்தாரு, மூணு நாள் ஓடுச்சு. அப்புறம் எட்டு வருஷமா புஷ் (குழல் மாதிரி சின்ன பாகம்) மட்டும் வாங்கற கஸ்டமர் ஒருத்தன் போன் போட்டு, “நீங்க விஎம்சி வேலையும் பண்றீங்களா? சொல்லவே இல்லையே, 5 ஆக்சிஸ் இருக்கா?”ங்கறான். அஞ்சு அச்சுல அசையற மெஷின் அது, என்கிட்ட இல்லை.

மாங்கூழ் · 11 ஆகஸ்ட் 2025, இரவு 9.45

எட்டு வருஷம்! இதை நான் ஏப்ரல்லயே சொல்லியிருக்கணும், தோணலை. புது ஆளைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தேன். பழைய கஸ்டமருக்கு நம்மைப் பத்தித் தெரிஞ்சது நம்மகிட்ட வாங்கற ஒரு பாகம் மட்டும்தான். பர்சேஸ்ல ஆள் மாறினா அதுவும் போச்சு, சிஸ்டத்துல ‘புஷ் சப்ளையர்’னு ஒரு வரிதான் மிஞ்சும். போன்ல கூப்பிட்டு “நான் விஎம்சியும் பண்றேன்”னு சொன்னா வேலை கேக்கற மாதிரி இருக்கும், நமக்கும் கூச்சம். அவனே பாத்துட்டுக் கேட்டா பேச்சே வேற.

டூல் ரூம் பெரியவர் சண்டையை டெலிட் பண்ணிடாதீங்க. நான் முழுசும் படிச்சேன். நீங்க மைக்ரான் கணக்கோட பதில் சொன்ன இடம் அந்தப் போஸ்ட்டை விட நல்லா இருக்கு. அவர் சொன்னதுல ஒண்ணு சரின்னு ஒத்துக்கிட்டீங்க பாருங்க, குவாலிட்டி ஆளுங்க அதைத்தான் உன்னிப்பா கவனிப்பாங்க. சொந்தமா போஸ்ட் எழுத வராதவங்களுக்கும் இதுதான் வழி. தன் துறை ஆள் எவனாவது எழுதினதுக்குக் கீழ, தெரிஞ்சதை நாலு வரி போட்டா போதும்.

மாங்கூழ் · 7 செப்டம்பர் 2025, மதியம் 12.30

சேத்து வச்ச கேள்விகளுக்கு ஒரே மூச்சுல.

கம்பெனி பக்கம் வீண், சொந்தப் பேர்ல எழுதினாத்தான் ஆள் படிக்கறாங்கன்னு வேற இழைல எழுதியிருந்தேன். படிக்கறது சொந்தப் பேர்லதான், அதுல மாத்தமில்லை. ஆனா கம்பெனி பக்கம் இல்லைன்னா நம்ம ஆளுங்க புரொஃபைல்ல லோகோ வராம சாம்பல் கட்டம்தான் நிக்கும், புதுசா பாக்கறவனுக்கு அதுவே உறுத்தும். நான் வேலையை விட்டுப் போனா நான் எழுதினதெல்லாம் என்னோடயே போயிடும்னு முதலாளி வேற கவலைப்பட்டாரு, சரியான கவலை. இப்ப அங்க லைசென்ஸ், சர்டிஃபிகேட், முகவரி மட்டும் சுத்தமா வச்சிருக்கோம். பேச்செல்லாம் என் பக்கத்துல.

பிரீமியம் வேணுமா? இலவசக் கணக்குல நம்ம பக்கத்தைப் பாத்தவங்கள்ல சிலபேர்தான் தெரிவாங்க. கண்காட்சி வர்ற மாசத்துக்கு மட்டும் காசு கட்டுங்க, முடிஞ்சதும் நிறுத்திடுங்க.

ஏஐ வச்சு எழுதலாமான்னு கேட்டவருக்கு: இங்கிலீஷ் இலக்கணம் சரி பண்ணிக்குங்க, நானும் பண்றேன். முழுசா எழுத விட்டா, வரிக்கு ஒரு ராக்கெட் படம் வச்சு, கிரானைட்காரரும் கொசுவலைக்காரரும் ஒரே குரல்ல பேசறாங்க. அதுல நம்ம ரைப்பனிங் ரூம் நோட்டு வராது. அதுக்கு அந்த நோட்டு இருக்கறதே தெரியாது.

பாலக்கோட்டுத் தம்பி, வேலை பாக்கற நீ எதைப் போடலாம்னு கேட்டதுக்குத் தனியா எழுதணும். குவாலிட்டி இன்ஜினியரா சம்பளத்துக்குப் போறவன் கதை வேற. கம்பெனி ரகசியம் எது, உன் அனுபவம் எதுன்னு கோடு போட்டுக்க முதல்ல. ரிஜெக்‌ஷன் எத்தனைங்கறது கம்பெனியோடது, வெளிய வரக் கூடாது. ஒரு கேஜ் (அளக்கற கருவி) ஏன் தப்பு காட்டுதுன்னு நீ கண்டுபிடிச்ச விதம் உன்னோடது. அதையும் மேனேஜர்கிட்ட காட்டிட்டுப் போடு.

மாங்கூழ் · 9 அக்டோபர் 2025, இரவு 10.10

ஜெர்மனி கொலோன்ல அனுகா உணவுக் கண்காட்சி நேத்து முடிஞ்சுது. அது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான், முதலாளி போயிருந்தாரு. நடுவுல ஒரு நாள் நம்ம நேரத்துக்கு ராத்திரி போன். குரல்லயே பதட்டம்.

வாங்குறவர் ஒருத்தர் சாம்பிள் லாட் நம்பரைப் படிச்சிருக்காரு, நம்ம போஸ்ட் சொல்லிக் குடுத்த மாதிரியே. 172ஆவது நாள், அதாவது ஜூன் 21. அப்புறம் போனை எடுத்து, ஜூன் 21 மதியம் நான் போட்ட இன்னொரு போஸ்ட்டைக் காட்டியிருக்காரு. “நேத்து ராத்திரி மழை, பழ வரத்து இல்லை, லைன் நிக்குது.” லைன் நின்ன நாள்ல இந்த டிரம் எப்படி நிரம்புச்சுன்னு கேக்கறாரு.

காலை ஷிஃப்ட்தான் ஓடலை. ரைப்பனிங் ரூம்ல ஏற்கெனவே பழம் இருந்துச்சு, மதியத்துக்கு மேல ஓட்டினோம். லேப் அக்காவை எழுப்பி புரொடக்‌ஷன் ரிஜிஸ்டர்ல அந்தப் பக்கத்தையும் எத்திலீன் நோட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கோணல் கையெழுத்து பாத்து அந்த ஆள் சிரிச்சாராம். ரெண்டு லாட்டுக்கு சாம்பிள் கேட்டிருக்காரு, விலை இன்னும் பேசலை.

இனிமே லைன் நிக்குதுன்னு எழுதினா எந்த ஷிஃப்ட்டுன்னும் எழுதணும்னு லேப் அக்கா உத்தரவு போட்டிருக்காங்க. சிப்காட் அண்ணா, அந்த 5 ஆக்சிஸ் ஆளுக்கு என்ன பதில் சொன்னீங்க? பக்கத்து ஷெட்ல வச்சிருக்கறவர்கிட்ட செஞ்சு குடுக்க முடியுமா பாருங்க, முடியும்னா அதையும் மறைக்காம எழுதிப் போடுங்க.